தங்கியிருப்போர் விபரம்

பம்பலப்பிட்டியில் பேரம்பேசி வாங்கிய சுவிட்ச்.
எட்டுத் துளை, ஒரு வருட உத்தரவாதம்.
நூறாம் இலக்க பஸ்ஸில்
வெள்ளவத்தை வரை மடியில் வைத்திருந்தேன்.
கடைப் பெடியன் கேட்டவன்:
"அக்கா, பூட்டத் தெரிஞ்ச ஆள் ஆரும் இருக்கோ?"
பூட்டத் தெரிந்த ஆள்தான்
முன்னால் நின்று சல்லி எண்ணுகிறாள் என்று
சொல்லவில்லை.
மிச்சத்தைச் சரிபார்த்து வாங்கினேன்.

ரவுட்டர் வாசலோரம்,
கம்பெனிக்காரன் ஆணி அடித்த இடத்தில்.
என் மேசை கடல் பக்க அறையில்.
இடையில் இரண்டு கொங்கிரீட் சுவரும் ஒரு குளியலறையும்.
வைஃபை குளியலறையோடு நின்றுவிடும்.
மெல்பேர்ன் கணக்குக் கந்தோரின் முகங்கள்
வாய் திறந்தபடி உறைந்துபோகும்,
மாதக் கடைசியில், சம்பளம் பற்றிப் பேசும்போது.

இருபது மீற்றர் வயர்.
கதவு நிலையோரம் கிளிப் அடித்து
கரண்ட் வயரிலிருந்து ஒரு சாண் விலக்கி
மேசைவரை இழுத்தேன்.
நுனியைச் சீவினால் உள்ளே நான்கு சோடி,
ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு.
வெளி இரைச்சல் உள்ளே ஏறாதிருக்கத்தான் முறுக்கு
என்று நிமலரூபனுக்குச் சொன்னேன்.
"எங்களைப் போல" என்றார், டீவியிலிருந்து கண்ணெடுக்காமல்.
பகிடியா என்று இன்னும் தெரியாது.

சோடி சோடியாக அடுக்கி நசித்தேன்.
வடிவாகத்தான் இருந்தது.
டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாய் எரிந்தன.
சுவிட்சிலோ பச்சை வருவதும் போவதும்,
வேகம் மாட்டுவண்டி.
இரண்டு மணித்தியாலம் தலையைச் சொறிந்த பிறகுதான் பிடிபட்டது:
பச்சைச் சோடியைப் பிரித்து
நடுவே நீலத்தை இருத்தவேண்டும்.
அதுதான் ஒழுங்கு. அழகு வேறு, ஒழுங்கு வேறு.
இரு நுனியையும் வெட்டி எறிந்தேன்.

பிறகு ரவுட்டரின் உள்ளே போனேன்.
பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின்.
ஐந்து வருடமாய்த் திறப்பைப் பூட்டிலேயே விட்டிருக்கிறோம்.
மாற்றினேன். கீழே ஒரு பட்டியல்:
என் கணினி, அவர் ஃபோன், டீவி, மகளின் டப்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி,
இருபத்துநாலு மணித்தியாலக் குத்தகைக்கு.

இந்தப் படிவத்தை எனக்குத் தெரியும்.
லொட்ஜ் அறையில், கட்டில் விளிம்பில் வைத்து
பொலிஸ் பதிவுக்கு அப்பா நிரப்பியது:
பெயர், அடையாள அட்டை, உறவுமுறை,
கொழும்புக்கு வந்த காரணம்.
அந்தக் கட்டத்தில் பேனை நிற்கும்.
எனக்கு அப்போது பதினான்கு வயது.
யோசித்து யோசித்து
'படிப்பு' என்று எழுதினார்.

ரவுட்டர் காரணம் கேட்பதில்லை.
ஆனால் ஏழாவது வரியில் பெயரில்லாத ஒன்று.
இரவு ஒன்பதே முக்காலுக்கு வரும்,
பத்தரைக்குப் போகும்.
மூன்று இரவு பார்த்துவிட்டேன்.
அருகில் 'தடு' என்று ஒரு சிவப்புப் பொத்தான்.

நாலாம் இரவு ஃபோனும் கையுமாய்க் கதவைத் திறந்தேன்,
பொத்தான்மேல் பெருவிரல்.
படித் திருப்பத்தில் இருட்டு.
இராக் காவல் விமலதாசவின் ஒரு கன்னத்தில் மட்டும்
திரை வெளிச்சம்.
"எஹெனவத? துவே, எஹெனவத?"
கரையோர ரயில் போனது.
அது போய்முடியும்வரை காத்திருந்து
மறுபடி கேட்டார், கேட்கிறதா என்று.
எனக்குக் கேட்டது.

கடவுச்சொல்லை ஆர் கொடுத்தது என்று விசாரிக்கவில்லை.
இந்த வீட்டில் மூன்றே பேர்.
கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு
ஏழாம் வரியின் வெற்றுக் கட்டத்தில்
'படி' என்று எழுதினேன்.

சேமிக்க வேண்டுமானால்
இப்போதே மீளத் தொடங்க வேண்டும் என்றது பெட்டி.
பத்தரை வரை பொறுத்திரு என்றேன்.
அதுவரைக்கும் துணியொன்றின் முனையைத் திரித்து
சுவிட்சின் எட்டாம் துளையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
ஒரு கிழமைகூட ஆகவில்லை,
அதற்குள் உப்பு.